ரஞ்சி அணிகளின் ஆசான்: சந்திரகாந்த் பண்டிட்டும் மும்பை மைதானப் பள்ளியும்

சந்திரகாந்த் சீதாராம் பண்டிட் 1961 செப்டம்பர் 30 அன்று பம்பாயில் பிறந்தார். விக்கெட் கீப்பராகவும் மட்டையாளராகவும் இந்தியாவுக்கு 5 டெஸ்ட் ஆட்டங்களும் 36 ஒருநாள் ஆட்டங்களும் ஆடினார். அத்தனையும் 1986க்கும் 1992க்கும் இடையில் முடிந்துவிட்டன. அவர் பெயர் வரலாற்றில் நிலைபெற்றது அதற்குப் பிறகு செய்த வேலையால். பயிற்சியாளராக மும்பையுடன் மூன்று முறை, விதர்பாவுடன் இரண்டு முறை, மத்தியப் பிரதேசத்துடன் ஒரு முறை என ஆறு ரஞ்சிக் கோப்பைகளை அவர் வென்றிருக்கிறார். அவற்றில் விதர்பாவும் மத்தியப் பிரதேசமும் அதற்கு முன் கோப்பையைத் தொட்டறியாத அணிகள்.

இந்த வேலை நடக்கும் இடம் பெரும்பாலான ரசிகர்களின் பார்வைக்கு வராதது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மதராசுக்கும் மைசூருக்கும் நடந்தது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. அன்று முதல் இந்திய அணிக்கு ஆள் தரும் களம் அதுதான். லீக் ஆட்டங்கள் நான்கு நாள், இறுதிக் கட்ட ஆட்டங்கள் ஐந்து நாள். பல ஆட்டங்களில் ஆட்களைவிட நாற்காலிகளே அதிகம். அமெரிக்க பேஸ்பாலில் பெரிய லீக்குக்குக் கீழே 'மைனர் லீக்' என்றொரு அடுக்கு உண்டு. சிற்றூர் அணிகளோடு பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றி, இளைஞர்களைத் தேற்றி மேலே அனுப்பியபடியே முப்பது நாற்பது ஆண்டுகளைக் கழித்த மேலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அந்நாட்டில் புத்தகங்களும் திரைப்படங்களும் வந்திருக்கின்றன. ரஞ்சி அணிப் பயிற்சியாளருக்கு இந்தியாவில் அந்த அளவு எழுத்து கிடைக்கவில்லை. பண்டிட்டின் தொழில் வாழ்க்கை அந்த வேலையின் தன்மையை முழுமையாகக் காட்டுகிறது.

அந்த வேலைக்கான கல்வி தொடங்கியது மும்பையின் நடுப்பகுதியில், தாதர் சிவாஜி பார்க்கிலும் அதையடுத்த மாட்டுங்காவிலும். தமிழர்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி இது. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றித் தென்னிந்தியக் கோயில்களும் பள்ளிகளும் உணவகங்களும் இருக்க, அதே பேட்டையில் கிரிக்கெட் சங்கங்களும் வேரூன்றின. மாட்டுங்கா தாட்கர் மைதானம் தாதர் யூனியன் சங்கத்தின் வீடு. மாதவ் மந்திரி, சுனில் கவாஸ்கர், திலீப் வெங்சர்க்கார் எல்லோரும் அந்தச் சங்கத்துக்கு ஆடியவர்கள். நியூ ஹிந்த் சங்கமும் மாட்டுங்காவுக்குரியதே. தாதர் யூனியனுக்கும் சிவாஜி பார்க் ஜிம்கானாவுக்கும் நடக்கும் ஆட்டம் ஒரு காலத்தில் நகரத்துக்கே திருவிழா. ஒரு மாநில அணித் தேர்வை விடவும் அந்த ஆட்டத்தின் பதினோரு பேரில் இடம் பிடிப்பது கடினம் என்று சொன்ன காலம் அது.

மும்பைக் கிரிக்கெட்டின் கட்டமைப்பு பள்ளியில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்ட ஹாரிஸ் ஷீல்டும், அதற்குப் பின் வந்த கைல்ஸ் ஷீல்டும் பள்ளிகளுக்கான போட்டிகள். அதற்கு மேலே சங்கங்களின் ஆட்டங்கள். 1948இல் தொடங்கிய கங்கா லீக் மழைக்காலத்தில் ஆடப்படுவது. ஈரத் தரையில் பந்து எகிறும், வழுக்கும், நின்று வரும். இந்தத் தரையில் முப்பது ஓட்டம் எடுத்தவனை நல்ல தரையில் எவரும் எளிதில் வீழ்த்த முடியாது. அலுவலகங்களுக்கான டைம்ஸ் ஷீல்டு இன்னொரு படி: வங்கிகளும் டாட்டா போன்ற நிறுவனங்களும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து வைத்திருந்தன. இத்தனை படிகளையும் ஏறி வந்தவர்களைக் கொண்டுதான் பம்பாய் 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 முறை ரஞ்சிக் கோப்பையை வென்றது.

அந்த 15ஆவது வெற்றியைத் தமிழ்நாடு எளிதில் மறக்காது. சேப்பாக்கத்தில் சுழலுக்கு ஏற்ற தரை, வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் தமிழ்நாட்டின் பக்கம். கல்யாணசுந்தரம் ஹாட்ரிக் எடுத்தார். பம்பாய் 151, 113 என்றே எடுத்தது. ஆயினும் பத்மாகர் ஷிவால்கர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 34 ஓட்டங்களுக்கு 13 விக்கெட்டுகளை வீழ்த்த, தமிழ்நாடு 80க்கும் 61க்கும் சுருண்டது. ஆட்டம் மூன்றாம் நாள் முதல் பந்தோடு முடிந்தது. அப்படிப் பந்து வீசிய ஷிவால்கர் ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட ஆடாமலே ஓய்வு பெற்றார். இந்திய அணியின் வாசலில் நின்றுவிட்ட பெருந்திறமைகளின் நகரம் மும்பை. அந்தத் திறமைகளில் பல பின்னர் பயிற்சியாளர்களாயின என்பதே இந்த வரலாற்றின் மையம்.

அந்த மைதானங்களின் ஆசிரியர்களில் இருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல்வர் வாசு பராஞ்ஜ்பே. தாதர் யூனியனின் தலைவராக இருந்தவர். முதல்தர ஆட்டங்கள் 29, ஓட்டங்கள் 785. எண்ணிக்கையில் சாதாரணம். ஆனால் ஓர் ஆட்டக்காரனின் மனத்தைப் படிப்பதில் அவருக்கு இணை சொல்வது கடினம். கவாஸ்கருக்கு 'சன்னி' என்று பெயர் வைத்தவர் அவரே. நுட்பத்தைத் திருத்துவதைக் காட்டிலும் நம்பிக்கையை ஊட்டுவதே அவரது வழி; தேசிய கிரிக்கெட் அகாடமி வரை அவரது பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் பல தலைமுறையினர். 2021 ஆகஸ்ட் 30 அன்று மறைந்தார்.

மற்றவர் ரமாகாந்த் ஆச்ரேக்கர். 1932இல் பிறந்தவர். 1940களில் நியூ ஹிந்த் சங்கத்துக்கு ஆடினார். பின்னர் ஸ்டேட் வங்கியில் வேலை. அவர் ஆடிய முதல்தர ஆட்டம் ஒன்றே ஒன்று: 1963இல் மொயினுத்தௌலா கோப்பையில் ஐதராபாதுக்கு எதிராக. அவர் மனம் கற்பிப்பதிலேயே இருந்தது. சிவாஜி பார்க்கில் அவர் நடத்திய காமத் நினைவுச் சங்கத்தில் நெட் பயிற்சியைவிட ஆட்டத்துக்கே முதலிடம். ஒரு மைதானத்தில் ஆட்டமிழந்த பையனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அடுத்த மைதானத்தில் இன்னோர் ஆட்டத்தில் இறக்கிவிடுவார். நெட்டில் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். ஆட்டமிழக்காமல் நின்றால் மட்டையாளருக்கு, வீழ்த்தினால் பந்து வீச்சாளருக்கு. பேச்சு குறைவு, பாராட்டு அதைவிடக் குறைவு. 1990இல் துரோணாச்சாரியார் விருதும் 2010இல் பத்மஸ்ரீயும் அவருக்குக் கிடைத்தன. 2019 ஜனவரி 2 அன்று காலமானார்.

ஆச்ரேக்கரின் மாணவர்கள் என்றால் உடனே சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் நினைவுக்கு வருவார்கள். 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில் சாரதாஷ்ரம் பள்ளிக்காக இருவரும் சேர்ந்து எடுத்த 664 ஓட்டங்கள் உலகச் செய்தியாயின. ஆனால் ஆச்ரேக்கரின் மைதானப் பள்ளியின் இன்னொரு விளைச்சலை அவ்வளவாக யாரும் கணக்கிட்டதில்லை. பண்டிட், பிரவீன் ஆம்ரே, லால்சந்த் ராஜ்புத், பல்விந்தர் சிங் சந்து, ரமேஷ் பொவார், அமோல் மஜும்தார் ஆகியோர் ஆச்ரேக்கரிடம் படித்து, பிற்காலத்தில் தாங்களே பயிற்சியாளர்களானவர்கள். ஆட்டக்காரர்களை உருவாக்கிய அளவுக்கு ஆசிரியர்களையும் உருவாக்கியவர் ஆச்ரேக்கர். தொழிலின் வரலாற்றில் இதுவே அவரது பெரிய பங்களிப்பு.

ஆட்டக்காரராகப் பண்டிட்டின் வாழ்க்கையும் கிட்டத்தட்ட வந்தும் முழுதாக வராத வகையைச் சேர்ந்தது. 1986இல் இங்கிலாந்துப் பயணத்தில் லீட்ஸ் டெஸ்டில் அறிமுகமானார். அந்த ஆட்டத்தை இந்தியா 279 ஓட்டங்களில் வென்றது. ஆனால் கீப்பர் கையுறை கிரண் மோரேயிடம் இருந்தது. பண்டிட் மட்டையாளராகவே ஆடினார். 1987 உலகக் கோப்பை அரையிறுதியில், சொந்த ஊரின் வான்கடே அரங்கில், இங்கிலாந்திடம் தோற்ற அணியில் இருந்தார். 1992 தொடக்கத்தில் அடிலெய்டு டெஸ்டோடு டெஸ்ட் வாழ்வு முடிந்தது. உள்நாட்டு ஆட்டம் வேறு கதை. பம்பாய், அசாம், மத்தியப் பிரதேசம் என மூன்று அணிகளுக்கு ஆடி, 138 முதல்தர ஆட்டங்களில் 8,000க்கும் மேற்பட்ட ஓட்டங்களைக் குவித்தார். சராசரி 48க்கு மேல். இந்தச் சராசரியோடு டெஸ்ட் அணியில் இடம் நிலைக்காத நிலைமை மும்பைக்காரர்களுக்குப் பழகிப்போனது.

பிற்காலப் பயிற்சியாளரை உருவாக்கியது மத்தியப் பிரதேசத்தில் கழிந்த ஆண்டுகள்தான். 1998-99இல் அவர் தலைமையில் அந்த அணி இறுதியாட்டத்துக்கு வந்தது. 1999 ஏப்ரல், பெங்களூரு சின்னசாமி அரங்கம், எதிரில் கர்நாடகம். கர்நாடகம் 304, மத்தியப் பிரதேசம் 379. 75 ஓட்ட முன்னிலை. ரஞ்சி இறுதியாட்டம் சமனில் முடிந்தால் முதல் இன்னிங்ஸில் முந்திய அணிக்கே கோப்பை. ஆகவே கடைசி நாளில் ஆட்டமிழக்காமல் நின்றால் போதும். கர்நாடகம் இரண்டாம் இன்னிங்ஸில் 321 எடுத்து 247 ஓட்ட இலக்கை வைத்தது. வெற்றியும் எட்டும் தூரம். சமனும் எட்டும் தூரம். விஜய் பரத்வாஜ் சுழலில் ஆறு பேரை வீழ்த்த, மத்தியப் பிரதேசம் 150க்கு வீழ்ந்தது. தோல்வி 96 ஓட்டங்களில். கையில் வந்த கோப்பை ஒரு பிற்பகலில் போனது. தலைவரான பண்டிட்டை அந்தத் தோல்வி நெடுங்காலம் விடவில்லை என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் ஓய்வு பெற்ற காலத்தில் மாநில அணிப் பயிற்சியாளர் என்ற பதவி உருமாறிக்கொண்டிருந்தது. பம்பாய் 15 கோப்பைகளை வென்ற நாட்களில் அணியின் மூளை அதன் தலைவரே. மேலாளர் என்பவர் பயணச் சீட்டையும் விடுதி அறையையும் பார்த்துக்கொள்பவர். மூத்த ஆட்டக்காரர்கள் இளையோரை ஓய்வறையில் கண்டித்தே வளர்த்தார்கள். அந்தக் கண்டிப்புக்கு மராத்தியில் 'கடூஸ்' என்ற பெயர்கொண்ட பிடிவாதக் குணமே பயன். இந்திய அணியின் மூத்தவர்கள் ஆண்டு முழுதும் நாட்டுக்காக ஆடத் தொடங்கியதும் ரஞ்சி ஓய்வறையில் அந்த இடம் காலியானது. தொலைக்காட்சி உரிமைப் பணம் மாநிலச் சங்கங்களை எட்டியதும் முழுநேரச் சம்பளத்துக்குப் பயிற்சியாளரை வைக்க வழி பிறந்தது. மூத்தவரின் இடத்தைப் பயிற்சியாளர் நிரப்பினார்.

மும்பையின் பயிற்சியாளராகப் பண்டிட் 2002-03இலும் 2003-04இலும் அடுத்தடுத்து ரஞ்சிக் கோப்பையை வென்றார். இரண்டு இறுதியாட்டங்களிலும் எதிரணி தமிழ்நாடு. முதலாவது வான்கடேவில், மும்பை 141 ஓட்டங்களில் வென்றது. இரண்டாவது சேப்பாக்கத்தில், முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பை மும்பைக்குப் போனது. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர் பரத் அருண். 1987-88இல் தமிழ்நாடு கோப்பை வென்றபோது அந்த அணியில் ஆடியவர். 1954-55, 1987-88 ஆகிய இரண்டே வெற்றிகளோடு தமிழ்நாட்டின் ரஞ்சிக் கணக்கு நிற்பதற்கு, மும்பையிடம் தோற்ற இந்த இறுதியாட்டங்கள் ஒரு காரணம்.

அடுத்த பத்தாண்டு ஊர் மாறும் வாழ்க்கை. ராஜஸ்தான் உள்ளிட்ட வேறு மாநிலச் சங்கங்களில் பணியாற்றிவிட்டு 2015-16இல் மும்பைக்குத் திரும்பினார். அந்தப் பருவம் ஷ்ரேயஸ் ஐயருடையது. செம்பூரில் பிறந்தவர், தமிழ்த் தந்தையின் மகன், மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியிலும் போதார் கல்லூரியிலும் படித்தவர். சிவாஜி பார்க் ஜிம்கானாவில் பிரவீன் ஆம்ரேயிடம் தேர்ந்தவர். ஆம்ரே ஆச்ரேக்கரின் மாணவர் என்பதால் இந்த இளைஞரும் அதே குருகுலத்தின் பேரன்தான். 21 வயதில் அந்த ஒரே ரஞ்சிப் பருவத்தில் 1,321 ஓட்டங்கள் எடுத்தார். அப்போது அதற்கு மேல் இருந்தது வி.வி.எஸ். லட்சுமணின் 1,415 மட்டுமே. 2016 பிப்ரவரியில் புனேயில் நடந்த இறுதியாட்டத்தில் ஷ்ரேயஸ் 117 அடிக்க, சௌராஷ்டிரத்தை மும்பை மூன்றே நாளில் இன்னிங்ஸ் கணக்கில் வென்றது. அது மும்பையின் 41ஆவது கோப்பை.

அடுத்த ஆண்டும் மும்பை இறுதிக்கு வந்தது. இந்தூரில் குஜராத்துக்கு 312 ஓட்ட இலக்கு. பார்த்திவ் படேல் 143 எடுத்து அணியைக் கரை சேர்த்தார். குஜராத்துக்கு அதுவே முதல் ரஞ்சிக் கோப்பை. தொடர்ந்து இரண்டு இறுதியாட்டங்களுக்கு அணியைக் கொண்டுவந்த பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை மும்பை நீட்டிக்கவில்லை. 41 முறை வென்ற ஊரில் இரண்டாம் இடத்துக்கு மதிப்பில்லை. அதை ஒரு பெருமையாகவே அந்நகரம் கருதுகிறது. ஆயினும் அந்த முடிவு பிழையானது என்பதைப் பின்வந்த ஐந்து ஆண்டுகள் காட்டின.

2017இல் அவர் சேர்ந்த விதர்பா, மகாராஷ்டிரத்துக்குள்ளேயே மும்பையின் நிழலில் இருந்த அணி. நாக்பூரைத் தலைமையாகக் கொண்ட அந்தச் சங்கம் சில ஆண்டுகளாகவே இளையோருக்குப் பயிற்சிக்கூடங்களை நடத்தி அடித்தளம் போட்டிருந்தது. வெளியணியிலிருந்து எடுக்கப்பட்ட வாசிம் ஜாஃபரும் அங்கே இருந்தார். அவரும் மும்பை மைதானங்களில் வளர்ந்தவர். உள்ளூர் இளைஞர்களிடம் இல்லாமலிருந்தது தாங்கள் வெல்லக்கூடியவர்கள் என்ற எண்ணம். பண்டிட் முதலில் கை வைத்தது அங்கேதான். நேரந்தவறாமை, தொலைபேசிக்குக் கட்டுப்பாடு, ஒவ்வொருவருக்கும் இன்ன வேலை என்ற தெளிவு, யாருக்கும் விலக்கில்லை என்ற விதி. ஆச்ரேக்கரின் நெட்டில் அவர் வாங்கிய கண்டிப்பு நாக்பூருக்குக் குடிபெயர்ந்தது.

அந்தப் பருவத்தின் அரையிறுதி கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் கர்நாடகத்துக்கு எதிராக. 198 ஓட்ட இலக்கை விரட்டிய கர்நாடகத்தை விதர்பா 192இல் மடக்கியது. வித்தியாசம் 5 ஓட்டங்கள். ஏழு விக்கெட் எடுத்த ரஜ்னீஷ் குர்பானி கட்டுமானப் பொறியியல் பட்டதாரி. அதற்கு முன் நாடறிந்த பெயரல்ல. இந்தூரில் டெல்லிக்கு எதிரான இறுதியாட்டத்தில் அவர் ஹாட்ரிக்கும் எடுத்தார். ரஞ்சி இறுதியாட்டத்தில் அது இரண்டாவது ஹாட்ரிக். முதலாவது சேப்பாக்கத்தில் கல்யாணசுந்தரம் எடுத்தது. விக்கெட் கீப்பர் அக்ஷய் வாட்கர் 133 அடித்தார். விதர்பா 547 குவித்து, 2018 புத்தாண்டு நாளில் 9 விக்கெட்டுகளில் வென்றது. முதன்முறை இறுதிக்கு வந்த அணி முதன்முறையே வென்றது.

ஒருமுறை வெல்வதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். 2018-19இல் விதர்பா மறுபடியும் வென்றது. ஜாஃபர் 40 வயதில் ஆயிரம் ஓட்டங்களைத் தாண்டினார். நாக்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் இடக்கைச் சுழல் வீச்சாளர் ஆதித்ய சர்வாதே 11 விக்கெட் எடுத்து, சேதேஷ்வர் புஜாராவை இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் நிறுத்தினார். சௌராஷ்டிரம் 78 ஓட்டங்களில் தோற்றது. இரண்டு ஆண்டும் இரானி கோப்பையும் விதர்பாவுக்கே. நட்சத்திரங்கள் இல்லாத அணியைத் திட்டத்தாலும் ஒழுங்காலும் தொடர்ந்து வெல்ல வைக்க முடியும் என்று மற்ற மாநிலங்கள் கற்றுக்கொண்டது விதர்பாவிடம்தான்.

2020இல் மத்தியப் பிரதேசம் அழைத்தது. அந்த மண்ணுக்குப் பழைய கிரிக்கெட் பெருமை உண்டு: சி.கே. நாயுடுவின் ஹோல்கர் அணி இந்தூரிலிருந்து 1945-46க்கும் 1952-53க்கும் இடையில் நான்கு முறை ரஞ்சிக் கோப்பையை வென்றது. சமஸ்தானம் போய், அணியும் கலைந்தபின் மத்தியப் பிரதேசம் என்ற பெயரில் கோப்பை வரவேயில்லை. கொரோனாவால் 2020-21இல் ரஞ்சியே நடக்கவில்லை. பண்டிட் அந்தக் காலத்தைப் பயிற்சி முகாம்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார். மாவட்ட ஆட்டங்களை நேரில் பார்த்து ஆள் தேடினார்.

ஒரு ரஞ்சிப் பயிற்சியாளரின் அறிவு எங்கே வெளிப்படுகிறது என்பதற்கு 2022 ஜூன் இறுதியாட்டம் நல்ல பாடம். அதே சின்னசாமி அரங்கம். எதிரில் மும்பை. மும்பை முதலில் ஆடி 374 எடுத்தது. சர்ஃபராஸ் கான் 134. மத்தியப் பிரதேசத்தின் கணக்கு எளிமையானது: ஐந்து நாள் ஆட்டத்தில் முந்தினால் பாதிக் கோப்பை கையில். அவசரம் கூடாது, தரை வறண்டு உடையும்வரை நின்று ஆட வேண்டும். யஷ் துபே 133, ஷுபம் சர்மா 116, ரஜத் பட்டிதார் 122 என மூன்று சதங்கள். 536 ஓட்டங்கள், 162 முன்னிலை. இனி வென்றால்தான் மும்பைக்குக் கோப்பை, சமன் போதாது. அடித்தாட வேண்டிய கட்டாயத்தில் மும்பை 269க்கு ஆட்டமிழந்தது. குமார் கார்த்திகேயாவின் சுழல் அந்த அவசரத்தை அறுவடை செய்தது. 108 ஓட்ட இலக்கை நான்கு விக்கெட் இழப்பில் எட்டி மத்தியப் பிரதேசம் ஜூன் 26 அன்று வென்றது. 1999இல் பண்டிட்டுக்குக் கைகொடுக்காமல் போன அதே முதல் இன்னிங்ஸ் விதியை 2022இல் அவர் தன் பக்கம் திருப்பினார். வெற்றி உறுதியானதும் பவுண்டரிக் கோட்டின் அருகே அவர் கண்ணீர் விட்டதை நாடே பார்த்தது.

அந்த ஆட்டத்தில் மும்பையின் பயிற்சியாளர் அமோல் மஜும்தார். டெண்டுல்கரும் காம்ப்ளியும் 664 எடுத்த நாளில் அடுத்து இறங்கக் கால்காப்பு கட்டிக் காத்திருந்து, இறங்க வாய்ப்பே கிடைக்காத பையன். முதல்தர ஆட்டங்களில் 11,000க்கும் மேற்பட்ட ஓட்டங்கள் எடுத்தும் இந்தியாவுக்கு ஒருமுறைகூட ஆடாதவர். இறுதியாட்டத்தின் இரு ஓய்வறைகளிலும் ஆச்ரேக்கரின் மாணவர்களே இருந்தார்கள். மஜும்தார் பின்னர் இந்தியப் பெண்கள் அணியின் பயிற்சியாளரானார். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் அந்த அணி தென்னாப்பிரிக்காவை வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது.

பண்டிட்டை 2022 ஆகஸ்டில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் ஐபிஎல் அணி தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. ரஞ்சியில் பயன் தந்த கண்டிப்பு அங்கே முழுதாகப் பொருந்தவில்லை. உலகமெங்கும் சுற்றும் தொழில்முறை ஆட்டக்காரர்களை இரண்டு மாதத்தில் மாணவர்களாக மாற்றிவிட முடியாது. அவரது முறை கடுமையானது என்று வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். முதல் ஆண்டு ஏழாம் இடம். 2024இல் கௌதம் கம்பீர் ஆலோசகராக வந்து சேர, மே 26 அன்று சேப்பாக்கத்தில் சன்ரைசர்ஸை 113க்குச் சுருட்டி 8 விக்கெட்டுகளில் கொல்கத்தா கோப்பையை வென்றது. அந்த இரவு களத்தில் இருந்தவர்களைக் கவனித்தால் இந்த வரலாறு முழுதும் அங்கே கூடியிருந்தது தெரியும். தலைவர் ஷ்ரேயஸ் ஐயர், 2016இல் பண்டிட்டின் ரஞ்சி வெற்றியில் சதம் அடித்தவர். ஆட்டமிழக்காமல் 52 எடுத்த வெங்கடேஷ் ஐயர், இந்தூர்த் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, மத்தியப் பிரதேச ஆட்டக்காரர். பந்துவீச்சுப் பயிற்சியாளர் பரத் அருண். அந்தப் பருவத்தில் அணிக்காக அதிக விக்கெட் எடுத்தவர் தமிழ்நாட்டின் வருண் சக்கரவர்த்தி. அடுத்த ஆண்டு அணி எட்டாம் இடத்துக்கு இறங்கியது. 2025 ஜூலையில் பண்டிட் விலகினார். ஐபிஎல்லைக் கொண்டு அவரை அளப்பது பொருத்தமில்லை. அவரது கைவண்ணம் நான்கு நாள் ஆட்டத்துக்குரியது. ஒரு பருவம் முழுதும் பொறுமையாக உருட்டி எடுக்க வேண்டியது.

விதர்பா 2024-25இல் மூன்றாம் முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. அரையிறுதியில் அது தோற்கடித்த அணி மும்பை. பண்டிட் அந்த அணியை விட்டுப் போய் ஆண்டுகள் பல ஆகியிருந்தன. பயிற்சியாளர் போனபின்னும் அணி வென்றுகொண்டிருந்தால் அவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள்.

ரஞ்சி ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையில் தலைவரின் பெயருக்குப் பக்கத்தில் குறி உண்டு, கீப்பருக்குக் குறி உண்டு, நடுவர்களின் பெயர்கள் உண்டு. பயிற்சியாளரின் பெயர் இல்லை. அதனாலேயே எந்த ஆண்டில் எந்த மாநிலத்துக்கு யார் கற்பித்தார் என்பது செய்தித்தாள் துணுக்குகளிலும் பழைய ஆட்டக்காரர்களின் நினைவிலும் மட்டும் சிதறிக் கிடக்கிறது. பண்டிட்டும் ஆச்ரேக்கரும் வென்றதால் எழுதப்பட்டார்கள். தாட்கர் மைதானத்திலும் செம்பூரின் காலி மனைகளிலும் தாராவியை அடுத்த திடல்களிலும் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பந்தோடு வந்து நின்ற மற்ற ஆசிரியர்களைப் பற்றி ஒரு பக்கமும் இல்லை. மாநிலச் சங்கங்கள் ஸ்கோர் அட்டையில் பயிற்சியாளரின் பெயரையும் அச்சிட வேண்டும். அந்த ஆசிரியர்களிடம் ஆடக் கற்றவர்கள் மும்பையிலும் சென்னையிலும் இன்னும் இருக்கிறார்கள். தங்கள் கோச்சின் பெயரையும் அவர் நின்ற மைதானத்தையும் அவர்கள் இப்போதே எழுதி வைக்க வேண்டும்.